பாலிசி டேஷ்போர்டில், நகை அடகுக்கடையில்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாகன இன்சூரன்ஸ் என்றால் போலீஸ் மறிக்கும்போது நீட்டுகிற காகிதம். மார்த்தாண்டம் பாலத்தடியில் சோதனை நடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவினால் அன்று காலையிலேயே என் போன் அலறத் தொடங்கிவிடும். “அக்கா, என் வண்டிக்கு நாள் தாண்டிவிட்டது, உடனே ஒன்று போட்டுத் தாருங்கள். இருப்பதிலேயே குறைந்தது போதும்.” அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்பவர் அமாவாசைக்கு ஒருவர். நானாகச் சொல்ல வாயெடுத்தாலும், “அதெல்லாம் நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்” என்று வைத்துவிடுவார்கள்.

தக்கலைக்கு மேற்கே, வீட்டு முன்னறையில் ஒரு மேசையும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு பொதுக் காப்பீட்டு ஏஜெண்டாக இருக்கிறேன். நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்தை ஏற்கும் மூன்றாம் நபர் பாலிசியில் எனக்கு வரும் கமிஷன் டீச் செலவுக்குக்கூடக் காணாது. எனவே வியாபாரத்துக்காக எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆத்திரத்தில் எழுதுகிறேன். மகன் ஓட்டிய வண்டி யாருடைய பொருளையாவது உடைத்துவிட்டது என்று தெரிந்ததும் இங்கே குடும்பங்கள் முதலில் திறப்பது நகைப் பெட்டியை. பாலிசி காருக்குள்ளேயே கிடக்கும். அதை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது.

மூன்றாம் நபர் காப்பீடு என்றால் ஆள் இறந்தால், கை கால் போனால் கொடுப்பது என்பதுதான் பரவலான எண்ணம். அது பாதிதான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் இந்தக் காப்பீட்டில் அடுத்தவரின் பொருளுக்கு ஏற்படும் சேதமும் அடக்கம். கார், சுவர், கடைக் கண்ணாடி, மின்கம்பம், எதுவானாலும் சரி. உயிருக்கும் உடம்புக்கும் உச்சவரம்பு கிடையாது. பொருளுக்கு உண்டு. குறைந்தபட்ச வரம்பு வெறும் 6,000 ரூபாய். ஆனால் வழக்கமான பாலிசியில் காருக்கு 7.5 லட்சம், இருசக்கர வாகனத்துக்கு 1 லட்சம் வரை உண்டு. இதற்காகத் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. “எனக்கு அந்த 6,000 போதும்” என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியத்தில் காருக்கு 100 ரூபாயும் பைக்குக்கு 50 ரூபாயும் குறையும். இருப்பதிலேயே குறைந்தது போதும் என்று கேட்பவர்களுக்குச் சிலர் சத்தமில்லாமல் இதைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். 7.5 லட்சத்தை 100 ரூபாய்க்கு விற்பதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பாலிசியை எடுத்துப் பொறுப்பு வரம்பு என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு நேராக என்ன தொகை இருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போன டிசம்பரில் ஒன்று நடந்தது. ஊரும் பெயரும் வேண்டாம். டிசம்பர் என்றால் எங்கள் பக்கம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் வீடு வரும் மாதம். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிகிறபோது வரத் தொடங்குபவர்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு முடிந்துதான் திரும்புவார்கள். ஆட்டோவே ஒதுங்கி ஒதுங்கிப் போகும் முடுக்குகளில் அந்த ஒரு மாதம் கப்பல் கப்பலாகக் கார்கள் நிற்கும். என் வாடிக்கையாளர் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். மகனுக்குப் பத்தொன்பது வயது, பொறியியல் படிக்கிறான், லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடம் நிறையவில்லை. அப்பாவின் பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு கேக் வாங்கக் கிளம்பியவன், திருப்பத்தில் எதிரே வந்த டெம்போவுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது, குருசடிக்கு, அதாவது சிலுவை நிற்கும் சிறு கோயிலுக்கு, பக்கத்தில் நிறுத்தியிருந்த ஒரு ஜெர்மன் காரின் முன்பக்கத்தில் இடித்துவிட்டான். யாருக்கும் அடி இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் காரின் விளக்கைக் குனிந்து பார்த்தேன். வெளி மூடியில் நகத்தளவு விரிசல். உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாக எல்.இ.டி., பின்பக்கம் சூட்டைத் தணிக்க ஒரு குட்டி விசிறி, அதோடு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. விளக்கைக் காரோடு இணைக்கும் பிளாஸ்டிக் காதுகளில் ஒன்று முறிந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பம்பரில் விழுந்த கீறலைத்தான் காட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தக் காதுதான். நம் ஊர்ப் பட்டறையில் சூடு வைத்து ஒட்டிவிடுவார்கள். இந்த மாதிரிக் கார்களுக்குக் கம்பெனி பணிமனையில் ஒட்டும் வேலை கிடையாது, முழு விளக்கையும் மாற்றுவார்கள். பம்பருக்குப் பின்னால் தூரத்தை அளக்கும் உணரி வேறு. கார் லாரியில் ஏறிக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனது. மதிப்பீடு வந்தபோது 6 லட்சத்து 40 ஆயிரம். விளக்குக்கு மட்டும் 2 லட்சத்துக்கு மேல்.

மதிப்பீடு வருவது பிறகு. அன்றிரவே ஊர்க் கமிட்டியின் திண்ணையில் ஒரு வெள்ளைத் தாள் தயாராகிவிட்டிருந்தது. “காருக்கு ஆகும் முழுச் செலவையும் நானே தருகிறேன், தவறினால் என் வீட்டுமனையை…” என்று போகும் வாசகம். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருந்தார். போலீஸ், கோர்ட் என்று பையன் அலையக்கூடாது என்பது அவர் கவலை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாடிக்கையாளருக்கு என் நினைவு வந்திருக்கிறது. பாலிசிக்காக என்று எண்ணிவிடாதீர்கள். நகையை வைத்துப் பணம் எடுக்க எனக்குத் தெரிந்த இடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டார்.

“தம்பி, பேனாவைக் கீழே வையுங்கள். நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்” என்றேன்.

எல்லா மோட்டார் பாலிசியிலும் ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, கொடுக்கவோ கூடாது. “நானே தருகிறேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் கம்பெனியிடம் போனால், “நீங்களே தருவதாகச் சொல்லிவிட்டீர்களே” என்று அவர்கள் கேட்க இடம் கொடுத்ததாகிறது. நகையை வைத்து ஆறு லட்சம் கொடுத்துவிட்டு ரசீதோடு என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

கமிட்டித் தலைவருக்கு என்மேல் கோபம். “இன்சூரன்ஸைச் சொல்லிக் கழன்றுகொள்ளப் பார்க்கிறீர்களா? பையன் செய்த தப்புக்கு அப்பன் பொறுப்பில்லையா?”

“பொறுப்புதான் அண்ணாச்சி. அந்தப் பொறுப்பைச் சுமக்கத்தானே வருடா வருடம் பணம் கட்டியிருக்கிறார்.”

மானப் பிரச்சினை இங்கேதான் வருகிறது. எங்கள் ஊர்களில் உடைத்தவன் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது மரியாதை. கம்பெனி கொடுத்தால் ஏதோ தப்பித்துக்கொண்டது போல ஒரு பேச்சு. பெற்றவருக்கும் அந்தப் பேச்சு சுடுகிறது. கார்க்காரருக்கு வர வேண்டியது அவருடைய கார் பழையபடி ஆவதுதான் என்பதை நிதானமாகச் சொல்ல அந்த நேரத்தில் யாரும் இருப்பதில்லை.

வெள்ளைத் தாளுக்குப் பதிலாக வேறொரு தாள் எழுதினோம். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம், இரண்டு வண்டிகளின் எண்கள், ஓட்டியவரின் லைசென்ஸ் எண், பாலிசி எண், என்ன நடந்தது. தொகையும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டோம். விபத்து நடந்தால் போலீசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் விவரம் தர வேண்டும் என்று சட்டத்தின் 134ஆம் பிரிவே சொல்கிறது. அன்றிரவே கம்பெனியின் எண்ணில் பதிவு செய்து குறிப்பு எண்ணை வாங்கி வைத்தேன். அந்த எண்ணின் அருமை பிறகு தெரிந்தது.

கார்க்காரர் தோஹாவில் கணக்காளர். அதுவரை பேசாமல் நின்றவர், “எனக்கு எந்த வழியில் கார் சீக்கிரம் வரும்?” என்று கேட்டார். அன்று அந்தத் திண்ணையில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

வழி இரண்டு. ஒன்று, அவருடைய சொந்தச் சேதப் பாலிசியில் பழுது பார்த்துக்கொள்வது. பணிமனைக்கு அவருடைய கம்பெனியே நேராகப் பணம் கட்டும். அப்புறம் அந்தக் கம்பெனி, தான் கொடுத்ததை இடித்த வண்டியின் தரப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதில் அவருக்கு நஷ்டம் எங்கே என்றால், கிளைமில் அவரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 2,000 ரூபாய், அதோடு இத்தனை வருடம் கிளைம் கேட்காததற்காகச் சேர்த்து வைத்த 50 சதவீதத் தள்ளுபடி ஒரே நாளில் பூஜ்யமாகும். அவருடைய காருக்கு அடுத்த வருடம் அது நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கூடுதல்.

இரண்டாவது வழி, வழக்குப் பதிவு செய்து, நாகர்கோவிலில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுவது. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் மட்டும் அங்கே போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள், பொருட்சேதத்துக்கும் போகலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆனால் நாள் எடுக்கும். பத்தாம் தேதி விமானம் ஏறுகிறவருக்கு அது உதவாது.

இன்னொன்றும் என் மனதில் ஓடியது, அன்று வாயைத் திறக்கவில்லை. திருப்பத்தில், பாதையை அடைத்துக்கொண்டு காரை நிறுத்தியது சரியா? தீர்ப்பாயம் போனால் அதற்கும் ஒரு பங்கைக் கழித்திருக்கலாம். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருந்தால் நான் வீடு வந்து சேர்ந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

அவர் முதல் வழியை எடுத்தார். கழிவுத் தொகையையும் தள்ளுபடி இழப்பையும் என் வாடிக்கையாளர் ஈடுகட்டுவது என்று பேச்சு முடிந்தது. அதையும் முன்கூட்டியே கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து, பதில் வந்த பிறகுதான் கொடுக்கச் சொன்னேன். சுமார் நாற்பத்தேழாயிரம், இரண்டு தவணை. நகை வீட்டிலேயே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் காருக்கு வழி இருந்தது, தன் காருக்கு இல்லை. குறைந்தது போதும் என்று மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்டிருந்தவர்தானே. சொந்தக் காரின் ரேடியேட்டருக்கும் பானெட்டுக்கும் பட்டறைக்காரர் முப்பத்தெட்டாயிரம் வாங்கினார். பையன் அந்த விடுமுறை முழுவதும் அப்பாவோடு போய் உப்புத்தாள் வைத்துச் சுவர் தேய்த்தான். யாரும் அவனைச் சொல்லவில்லை, தானாகப் போனான். “மாமி, எல்லாம் முடிந்ததா?” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான். “இன்னும் இல்லை மக்களே” என்பேன். உண்மை அதுதான்.

இது நல்லபடியாகப் போனதற்குக் காரணங்கள் உண்டு. பையனுக்கு லைசென்ஸ் இருந்தது. கார் ஓட்டும் லைசென்ஸ். குடித்திருக்கவில்லை, குடித்து ஓட்டியிருந்தால் கம்பெனி மறுக்க அதுவே போதும். சேதம் 7.5 லட்சத்துக்குள் இருந்தது. அதுவே 12 லட்சமாகியிருந்தால் மிச்சம் நாலரை லட்சம் ஓட்டியவன் தலையிலும் வண்டிச் சொந்தக்காரர் தலையிலும்தான் விழும். பத்தொன்பது வயது என்றால் சட்டத்தின் கண்ணில் முழு மனிதன். அப்பாவோடு சேர்ந்து அவனும் எதிர்மனுதாரர்.

பதினேழு வயது என்றால் கதையே வேறு. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு முறை அழைப்பு வந்தது. ஸ்கூட்டர் பையனின் சித்தப்பா பெயரில்; அவர் குவைத்தில். வீட்டில் சும்மா நிற்கிற வண்டி என்று பையன் எடுத்து ஓட்டியிருக்கிறான். கரையிலிருந்து வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, வீட்டுச் சுவரோரம் மரச்சட்டத்தில் மாட்டி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் போய் மோதியிருக்கிறான். எஞ்சின் கவிழ்ந்து கீழ்ப்பகுதி உடைந்து, விசிறித் தண்டு வளைந்துவிட்டது. செலவு ஒரு லட்சத்தைத் தொட்டது. எஞ்சின் சரியாகும்வரை வள்ளம் கடலுக்குப் போகாது. அந்த நாட்களின் வருமானம் தனி. அதையும் கேட்கலாம்தான், கணக்கு வேண்டும். ஏலத்தில் மீனைப் போட்டுக் கையில் காசு வாங்குகிறவரிடம் என்ன கணக்கு இருக்கும்?

பாலிசி இருந்தது. ஸ்கூட்டருக்கு 1 லட்சம் வரம்பும் இருந்தது. லைசென்ஸ் இல்லை. பதினாறு வயதில் எடுக்கலாமே என்பார்கள். அந்த லைசென்ஸ் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு; இன்று எல்லார் வீட்டிலும் நிற்கும் ஸ்கூட்டர் 110, 125. இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக, முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிடுவதுண்டு. 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்ன வழி அது. வள்ளக்காரருக்கு நல்லது. சொந்தக்காரருக்கு? பணம் போகும் பாதை மட்டும் மாறுகிறது.

அதற்கு மேல் 199ஏ பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது. பதினெட்டு நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலரோ வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் இல்லை. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க எல்லாம் செய்தேன் என்றோ காட்ட வேண்டியது பெரியவர்களின் பாடு. சாவியை ஆணியில் தொங்கவிட்டுப் போன சித்தப்பா குவைத்திலிருந்து இதை எப்படிக் காட்டுவார்?

அந்தக் குடும்பம் பங்குத்தந்தை முன்னிலையில் பேசி முடித்தது. கையிலிருந்து கொடுத்தார்கள். அங்கே பேனாவைக் கீழே வைக்கும்படி நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சித்தப்பா கதையைக் கேட்டதும் சிலருக்கு வியர்க்க வேண்டும். பழைய பைக்கை விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் இருப்பவர்கள் எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர். “வாங்கியவன் மாற்றிக்கொள்வான் அக்கா.” மாற்றமாட்டான். டி.என்.74 அல்லது 75 எண்ணோடு அந்த வண்டி எங்கே எதை இடித்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத்தான் சட்டம் சொந்தக்காரர் என்கிறது. நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். விற்ற காசு எப்போதோ செலவாகியிருக்கும்.

இன்னொரு அழைப்பும் அடிக்கடி வருவதுதான்: பையன் ரிவர்ஸ் எடுக்கும்போது சொந்த வீட்டுக் கேட்டையும் தூணையும் சாய்த்துவிட்டான், மூன்றாம் நபர் பாலிசியில் கிடைக்குமா? கிடைக்காது. உங்கள் வீடு உங்களுக்கு மூன்றாம் நபர் இல்லை.

டிசம்பர் விவகாரத்துக்கு வருகிறேன். பங்குனி வெயிலில் ஒரு நாள் காலை, பல் துலக்கக்கூட விடாமல் பெயிண்டிங் கான்ட்ராக்டர் வந்து நின்றார். கையில் ஆங்கிலக் கடிதம். தோஹாக்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியது: உங்கள் வாகனத்தின் கவனக்குறைவால் நாங்கள் இவ்வளவு செலவழித்தோம், பதினைந்து நாளுக்குள் கட்டவும், தவறினால் சட்ட நடவடிக்கை. கூட்டுத்தொகை 6 லட்சத்து 31 ஆயிரம். “எல்லாம் முடிந்ததென்று நினைத்தேனே அக்கா, இது மறுபடியும் முதலிலிருந்தா?” என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பின்னாலேயே வந்திருந்தார். கழுத்துச் சங்கிலியைக் கை பற்றிக்கொண்டிருந்தது.

இந்தக் கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்கு அது உரிமை. அதைக் கட்ட வேண்டியது இவரில்லை, 7.5 லட்சம் வரை இவருடைய கம்பெனி. டிசம்பரில் வாங்கி வைத்த குறிப்பு எண்ணைப் போட்டு, கடிதத்தின் நகலையும் அன்றிரவு எழுதிய தாளையும் போட்டோக்களையும் சேர்த்து நம் கம்பெனிக்கு அனுப்பினேன். தோஹாக்காரரின் கம்பெனிக்கு ஒரு பதில் கடிதமும் எழுதினோம், இனி எங்கள் கம்பெனியோடு பேசிக்கொள்ளுங்கள் என்று. இரண்டு கம்பெனிகளும் இப்போது தங்களுக்குள் எழுதிக்கொண்டிருக்கின்றன. நம்மவர்கள் திருப்பத்தில் நிறுத்திய விஷயத்தைக் கிளப்பியிருக்கிறார்கள். தொகை கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

போன வாரம் அவருடைய பாலிசியைப் புதுப்பிக்கும் நாள். இந்த முறை சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் போடச் சொன்னார். காருக்கு வயது பதினொன்று, தேய்மானம் கழிக்காமல் தரும் பாலிசி கிடைக்காது, பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் வரும் என்றேன். “பரவாயில்லை, போடுங்கள். அந்த 7.5 லட்சம் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் எனக்குக் காட்டுங்கள்” என்றார். காட்டினேன்.